குட்டி ஜப்பானில் ஒரு நாள்

நேரு ‘குட்டி ஜப்பான்’ என்றாராமே, அந்த சிவகாசிக்கு விருதுநகரில் பஸ் ஏறினேன். வயிற்றில் எண்ணெய்ப் பரோட்டா, மனசில் டோக்கியோ! இறங்கினால்... புழுதி, வெயில், டீக்கடை. சுவரெல்லாம் காலண்டர் விளம்பரம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர். 2021-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஜப்பானை மட்டும் காணோம்! ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை. (ஆலைகள் ஊருக்கு வெளியே, பொட்டல் காட்டில்.)

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சில்லறை எண்ணினார். விரலெல்லாம் வெள்ளி நிறம். அலுமினியப் பவுடராம்.

“என்னண்ணே, பட்டாசு ஊர்ல சத்தத்தையே காணோமே?” என்று அலுத்துக்கொண்டேன்.

“கேக்காம இருக்கட்டும் தம்பி. இங்க சத்தம் கேட்டா, ‘எந்த ஆலை?’ன்னுதான் ஓடுவோம்.”