துப்பினாலும் தப்பில்லை!

“திராட்சைத் தோட்டம்னா வர்றேன். ஆனா, குடிச்சுப் பாருன்னு வற்புறுத்தக் கூடாது!”

இந்த நிபந்தனையோடுதான் வந்தாள் என் கல்லூரித் தோழி. கம்பம் பக்கம், பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். அப்பாவின் குடி முதலில் தோட்டத்தை விழுங்கியது, பிறகு அவரையும். அவள் திராட்சை வாங்கியே பல வருடங்கள் ஆகின்றன. மும்பையில் வசிக்கும் நானோ, நாசிக் வைன் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கத் துணை தேடிக்கொண்டிருந்தேன்.

காலை ரயிலில் நாசிக் ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து நாள் முழுக்க வாடகை கார். சுவைத்துவிட்டு நாமே ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது அல்லவா? கோதாவரியின் குறுக்கே நிற்கும் கங்காப்பூர் அணையை நெருங்க நெருங்க, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே அறுவடைக் காலம். நாங்கள் போனது பிப்ரவரியில்.

முதலில் சுலா. கலிஃபோர்னியா வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சமந்த் 1999-ல் தொடங்கியது. சுற்றிக்காட்டிய பெண், கொத்திலிருந்து சில பழங்களைக் கிள்ளிக் கொடுத்தார். சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே விதை. ஆனால், கடையில் வாங்குவதைவிட இனிப்பு! அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறதாம்.

தோழி பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “வருஷத்துக்கு எத்தனை கவாத்து?” என்று கேட்டாள்.

“ரெண்டு. ஆனா, அறுவடை ஒண்ணுதான்.”

“எங்க ஊர்ல வருஷம் பூரா காய்க்கும்!” அவள் குரலில் பெருமை. அதன்பிறகே பழத்தை வாயில் போட்டாள்.

உள்ளே ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுத் தொட்டிகள். சிவப்பு வைனுக்குக் கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள். நிறம் தோலிலிருந்து இறங்குகிறது. வெள்ளை வைனுக்குப் பிழிந்த சாறு மட்டும்.

அடுத்து, சுவைக்கும் அறை. கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு விழுங்கலாம், அல்லது பக்கத்திலுள்ள கிண்ணத்தில் துப்பிவிடலாம்.

“துப்பலாமா?” தோழிக்கு ஆச்சரியம்.

“தொழில்முறையா ருசி பார்க்கிறவங்க துப்பத்தான் செய்வாங்க. இல்லேன்னா நிதானமா எப்படித் தரம் சொல்ல முடியும்?”

“எங்கப்பாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஆனால், எல்லாக் கோப்பைகளையும் முகர்ந்தாள். சோவின்யோன் பிளாங்கில் “பச்சைக் குடமிளகாய்” என்றாள். ஷிராஸில் “மிளகு”. இரண்டுமே சரி! கோப்பையைக் காலி செய்த எனக்குத் தெரிந்ததெல்லாம் புளிப்பும் துவர்ப்பும்தான்.

மதியம், அருகிலேயே உள்ள யார்க். அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி, ஆளுக்கொரு லெமன் சோடாவோடு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். அவசரமே இல்லை.

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொன்னாள். சாலையோரக் கடையில் இரண்டு கிலோ திராட்சை வாங்கினாள். ரயிலில் ஒன்றை வாயில் போட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா, நம்ம பன்னீர் திராட்சை வாசனை இல்லைடி” என்றாள்.

கல்யாண் வரும்வரை அந்தத் தோட்டத்தைப் பற்றியே பேசினாள். அப்பாவைப் பற்றியும்.