சைலன்சர்ல ஓட்டை போடலாமா?

2018 நவம்பர்ல கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சப்ப ஊருக்குள்ள வந்த செயின்சாக்கள்தான் இன்னிக்கும் எங்க பக்கம் ஓடுது. ஒரிஜினல் பார்ட்ஸ் விலை கட்டுப்படியாகாது. ஒரே மாடலா இருந்தா, செத்த மெஷினோட காயில், கார்புரேட்டரைக் கழற்றி இன்னொண்ணுல மாட்டிக்குவோம்.

பக்கத்துத் தோப்புத் தம்பி, "அண்ணே, சைலன்சர்ல இன்னொரு ஓட்டை போட்டா வேகம் கூடுமாமே?"ன்னான்.

கூடும். ஆனா புகை லேசா வெளியேறினா உள்ள காத்தும் கூடுதலா வரும். அதுக்கேத்த பெட்ரோல் வராது. இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோல்ல கலந்துதான் போகுது, எங்க மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி. அது பத்தலைன்னா சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். கார்புரேட்டர்ல 'எச்' திருகை இடப்பக்கமா கொஞ்சம் திருப்பி பெட்ரோலைக் கூட்டியே ஆகணும்.

"அதுக்கு முன்னாடி சைலன்சர் வலையில அடைச்சிருக்கிற கரியைச் சுரண்டு. செயினை அரம் போட்டுத் தீட்டு. தென்னை சீக்கிரம் மழுக்கிடும்"னேன்.

இன்னொண்ணு, சத்தம். கஜாவுலேர்ந்து காதுல எதுவும் போடாம மரம் அறுக்கிற மாமா ஒருத்தர் இருக்காரு. இப்ப தோளைத் தொட்டாத்தான் திரும்புவாரு. அவரைக் காட்டுனேன்.

தம்பி அரத்தை வாங்கிட்டுப் போனான்.