முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோடைக் காலத்தில் செல்வோர், சிறு கார்களின் பின்னே ஒரு விந்தையான வண்டி இழுபட்டு வருவதைக் காணலாம். அகலம் நான்கடி, நீளம் எட்டடி, உயரமோ ஆள் உயரத்தைத் தாண்டாது. முன்புறம் பருத்து உருண்டும், பின்புறம் மெலிந்து சரிந்தும் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கதவு, உள்ளே இருவர் படுப்பதற்கு ஒரு மெத்தை, அவ்வளவே. வண்டியின் வால்பகுதியைப் பெட்டியின் மூடியைப் போல மேலே தூக்கினால் அடுக்களை. சமைப்பவர் வெளியே புல்தரையில் நின்றுதான் சமைக்க வேண்டும். தூக்கிய மூடியே அவருக்குக் கூரை. நிமிர்ந்து நிற்கவும் இயலாத இதனை வீடு என்று சொல்வது சற்று மிகைதான். ஆயினும் இதனைத் தம் கையால் கட்டியவர்கள் வேறு சொல்லால் இதைக் குறிப்பதில்லை. நாங்களும் குறிப்பதில்லை.

கண்ணீர்த்துளி வண்டி என்பது இதன் பெயர். 1930-களில், காற்றை வழுக்கிச் செல்லும் வடிவங்களின் மீது அந்நாட்டு மக்களுக்கு மோகம் பிறந்திருந்த வேளையில் இது பரவியது. 1934-ல் வெளிவந்த கிறைஸ்லர் நிறுவனத்தின் ஏர்ஃப்ளோ காரும் அதே மோகத்தின் பிள்ளையே. வானிலிருந்து விழும் துளி மெய்யாகவே இந்த வடிவில் இருப்பதில்லை. சிறுதுளி உருண்டையாகவும், பெருந்துளி அடிப்புறம் தட்டையாகவும் விழும். பெயர் வைத்தவர்கள் அது குறித்துக் கவலைப்படவில்லை, நாமும் விட்டுவிடுவோம். பொருளாதார நெருக்கடி நிலவிய காலமாதலின், விலை கொடுத்து வாங்க இயலாதோர் தாமே செய்துகொள்ளும்படி பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் வரைபடங்களை வெளியிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைத்துறையில் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப்புச் சக்கரங்களும் மலிவாகக் கிடைத்தன. பலர் அவற்றைக் கொண்டு தம் கொட்டகைகளில் வண்டி கட்டினர். 1947-ல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வெளியிட்ட வரைபடத்தைப் பின்பற்றுவோர் இன்றும் உளர். பின்னர் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருஞ்சாலைகள் பெருகின, பெரிய கார்களும் பெரிய வண்டிகளும் வந்தன, இச்சிறியது ஒதுங்கிற்று. ஒதுங்கியதே தவிர மறையவில்லை.

ஏன் நான்கடிக்கு எட்டடி என்று கேட்பாருக்கு விடை எளிது. ஒட்டுப்பலகை அந்த அளவில்தான் கடையில் விற்கப்படுகிறது.

நாங்கள் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவர்கள். அதே மாநிலத்தின் வடபாதியை, சுப்பீரியர் ஏரிக்கரையை, ஒருநாளும் கண்டதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பின்பு அவர்களின் திருமணம் என்று ஆண்டுகள் ஓடின. ஓய்வு கிடைத்த போது துணைவியாரின் இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அக்டோபரில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார் மருத்துவர். அதன்பின் எப்போது நடமாடலாம், எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு அவர் உறுதி சொல்லவில்லை. எனவே, போவதாயின் அந்தக் கோடையிலேயே போக வேண்டும். கூடாரம் ஆகாது, தரையில் படுத்து எழ அவரால் முடியாது. விடுதிகளில் தங்கலாம், ஆனால் அப்பக்கத்துச் சிற்றூர்களில் எங்களுக்கு ஆகுமான உணவு கிடைப்பது அரிது. ஐந்து நாளும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று ஏரியைப் பார்ப்பதா என்று துணைவியார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"வாப்பா, வாடகைக்கு ஒன்று எடுத்தால் போதாதா?" என்று மகன் தொலைபேசியில் கேட்டான். வாடகை வண்டிகளையும் போய்ப் பார்த்தோம். அவற்றின் கதவு குறுகல். கதவருகே பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. துணைவியார் ஒன்றில் ஏறிப் பார்த்து, இறங்கும் வழி தெரியாமல் சற்று நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கட்டுவது என்ற முடிவு அன்றுதான் உறுதிப்பட்டது.

ஆகவே எங்கள் வண்டியின் முதல் அளவு பலகையிலிருந்து பிறக்கவில்லை, முழங்காலிலிருந்து பிறந்தது. நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம். அதிலிருந்து எழவே துணைவியார் கைப்பிடியை அழுத்த வேண்டியிருந்தது. புத்தகங்களை அடுக்கி, மேலே பலகை வைத்து, ஒவ்வோர் உயரத்திலும் அமர்ந்து எழுந்து பார்த்தார். 60 சென்டிமீட்டரில் கை ஊன்றாமல் எழ முடிந்தது. வண்டியின் தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், மெத்தை 10 சென்டிமீட்டர் என்று அப்போதே எழுதிவைத்தோம். சக்கரத்தின் அளவையும் அதற்கேற்பவே தேர்ந்தோம். கதவுக்கு அட்டையில் திறப்பு வெட்டி, அதன் வழியே விளிம்பில் அமர்ந்து, உடலைத் திருப்பிக் காலை உள்ளே எடுக்கும் ஒத்திகை பல மாலைகள் நடந்தது. அண்டை வீட்டார் எங்களைப் பற்றி என்ன எண்ணினார்களோ அறியோம்.

சனவரியில் கார்க் கொட்டகையில் வேலை தொடங்கிற்று. எபாக்சிப் பசை குளிரை விரும்பாது; வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இறுகுவதற்கு மிகவும் தாமதிக்கும். ஆகவே குளிர் மிகுந்த நாட்களில் அறுக்கும் வேலை, வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் ஒட்டும் வேலை என்று பிரித்துக்கொண்டோம். இரு பக்கச் சுவர்களையும் தனித்தனியே அறுத்தால் இரண்டும் ஒன்றுபோல் அமையா. பலகை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி, வளையும் மரச்சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு இடையே நெளித்து வைத்து, அதன் ஓரமாகப் பென்சில் இழுத்தோம். கண்ணுக்கு இதமான வளைவு எது என்பதை அந்தச் சட்டமே காட்டிக்கொடுத்தது. சுவர்களை நிறுத்தி, குறுக்கே விலா எலும்புகள் போல் சட்டங்கள் பொருத்தியதும் கொட்டகையில் நின்றது நம் ஊர்க் கூண்டு வண்டியேதான். மூங்கில் வளைவுகளும் பாயும் இல்லை. மற்றபடி வேற்றுமை காணோம்.

இத்தகைய வண்டிக்கு முதற்பகை நீர். பலகை எங்கும் ஒரேயடியாக உளுத்துப்போவதில்லை. ஏதோ ஒரு திருகாணித் துளையில் நீர் இறங்கி, வெளியே தெரியாமல் ஆண்டுகணக்கில் ஊறி, ஒருநாள் விரலால் அழுத்தினால் உள்வாங்கும். துளை ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, அந்த எபாக்சியின் நடுவே மீண்டும் துளையிட்டுத் திருகாணியை ஏற்றினோம். சலிப்பூட்டும் வேலை. ஆனால் வண்டியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. கூரைக்கு அலுமினியத் தகடு வேய்ந்தோம். இதனைப் பலகையோடு ஒட்டிவிடக் கூடாது என்பது பழகியவர்களின் அறிவுரை. அலுமினியம் வெயிலில் நீளும் உலோகம்; பத்தடித் தகடு 50 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒட்டிவைத்தால் புடைத்துக்கொள்ளும். ஓரங்களில் மட்டும் விளிம்புப் பட்டையால் பிடித்து, அடியில் பியூட்டைல் நாடாவை அழுத்தி, நடுவில் அதனை அதன் போக்கில் விட்டுவிட்டோம்.

பின்மூடிக்கு வந்தபோது மார்ச் ஆகிவிட்டது. வளைத்து ஒட்டிய மூடி, அச்சிலிருந்து எடுத்ததும் சற்றே நிமிர முயலும். ஆதலின் தேவைக்கு மேல் சிறிது கூடுதலாகவே வளைத்து ஒட்டினோம். நிமிர்ந்தபின் சரியாகப் பொருந்தியது.

உள்ளே எதை வைப்பது என்பதில்தான் இல்லறத்தின் பழைய வழக்குகள் எல்லாம் மறுபடி விசாரணைக்கு வந்தன. எங்கள் கார் இழுக்கவல்லது 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ. அதற்கு வெகுவாகக் கீழே நிற்பதென்று தீர்மானித்திருந்தோம். விளக்குக்கும் விசிறிக்கும் மின்கலம் வேண்டும். ஈயக்கலம் 30 கிலோவை எட்டும்; அதே கொள்ளளவுள்ள லித்தியக்கலம் அதில் பாதியும் இல்லை. விலை கூடுதலாயினும் இலேசானதையே வாங்கினோம். குளிர்ப்பெட்டி வேண்டாம், பனிக்கட்டிப் பெட்டி போதும். கூரை விசிறி கட்டாயம். இருவர் ஓர் இரவு மூச்சுவிட்டால், ஒரு தம்ளருக்குக் குறையாத நீர் சுவர்களில் வியர்த்து நிற்கும். அடுப்பு ஒருபோதும் படுக்கையறைக்குள் வரலாகாது. எரிவாயு எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு பிறக்கலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இவ்வளவு சிறிய அறையில் உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். எச்சரிக்கும் கருவியொன்றை உட்சுவரில் தலைமாட்டருகே பொருத்தினோம்.

பின்பு துணைவியார் தம் தாயார் கொடுத்த கல் உரலைக் கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைத்தார். மூன்று கிலோ. இடித்த பொடியைப் புட்டியில் அடைத்துக்கொண்டு போகலாமே என்றோம். "இஞ்சியையும் பூண்டையும் புட்டியில் அடைத்தால் அது குழம்பாகாது, மருந்தாகும்" என்றார். உரல் அங்கேயே இருந்தது.

வேலை முடிந்ததும், ஏற்ற வேண்டிய அனைத்தையும் ஏற்றி, சரளைக்கல் விற்கும் இடத்தின் எடைமேடையில் நிறுத்தினோம். 490 கிலோ. ஆனால் மொத்த எடையைவிட முக்கியமானது வேறொன்று. நம் ஊர்ப் பாரவண்டிக்காரர்கள் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நெரிக்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பும். காரின் பின்னே வரும் வண்டிக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது வண்டி நாயின் வால் போல் இருபுறமும் ஆடத் தொடங்கி, கடைசியில் காரையும் திருப்பிவிடும். குளியலறையில் உடல் எடை பார்க்கும் கருவியை மரக்கட்டை மேல் வைத்து, கொக்கியின் உயரத்தில் வண்டியின் மூக்கை அதன்மேல் இறக்கினோம். 44 கிலோ காட்டியது; ஒன்பது பங்குதான். பின்னே அடுக்களையில் இருந்த 20 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாயை முன்புறப் பெட்டிக்கு மாற்றியதும் 59 ஆயிற்று, பன்னிரண்டு பங்கு. இதை அருகில் நின்று பார்த்த துணைவியார், "அப்படியானால் உரலும் முன்னே போகட்டும்; அதுவும் நன்மை செய்யட்டும்" என்றார். உரலைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

ஜூலையில் புறப்பட்டோம். மாநிலத்தின் இரு பாதிகளையும் இணைப்பது 1957-ல் திறக்கப்பட்ட மாக்கினாக் பாலம். நீளம் எட்டுக் கிலோமீட்டர். காற்று மிகும்போது வேகத்தை மணிக்கு 20 மைலாகக் குறைக்கும்படி அங்கே அறிவிப்பார்கள். அன்று அறிவிப்பு இருந்தது. உட்புறத் தடங்களில் தளம் இரும்பு வலையாக இருப்பதால் கீழே நீர் தெரியும், வெளித்தடத்திலேயே சென்றோம். துணைவியார் முன்னே பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஆடவில்லை" என்று பாலத்தின் நடுவே ஒருமுறை சொன்னார். கரையேறியதும் மறுபடி சொன்னார்.

தக்குவாமெனான் அருவியின் நீர் தேயிலைச் சாற்றின் நிறம். சதுப்புக் காட்டு மரங்களின் துவர்ப்பு இறங்கிய நிறம் அது. அதனருகே தங்கிய இரவில் நல்ல மழை. அலுமினியக் கூரையில் தாளம் கொட்டுவது போல் அது இறங்கிக்கொண்டிருக்க, கைவிளக்கை எடுத்துத் தையல்கள் அனைத்தையும் விரலால் தடவிப் பார்த்தோம். உலர்ந்தே இருந்தன. விடிந்ததும் துணைவியார் விளிம்பில் அமர்ந்து, காலைத் தரையில் ஊன்றி, யாருடைய கையையும் பற்றாமல் எழுந்து நின்றார். பின் மூடியைத் தூக்கி அடுப்பைப் பற்றவைத்தார்.

அக்டோபரில் முதல் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு உயரமான இருக்கை வேண்டும் என்றார் பயிற்சியாளர். கொட்டகையில் நிற்கும் வண்டியின் விளிம்பே அதற்குப் பயன்பட்டது. காலை பத்து முறை, மாலை பத்து முறை. கைப்பிடி இப்போது கதவின் வலப்புறம் மட்டுமே இருக்கிறது. அடுத்த காலுக்கு இடப்புறமும் ஒன்று வேண்டுமாம். அதற்குரிய மரத்தை அறுத்து வைத்திருக்கிறோம். பசை இறுகும் அளவுக்கு ஒரு வெயில் நாள் வரவேண்டும்.