காலித் துறைமுகத்தில் ஒரு சிறு படகு

கொழும்புக் கோட்டை நிலையத்தில் தென்பகுதி ரயிலில் ஏறிக் கடல் பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டீர்களென்றால், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் காலி வந்து சேர்ந்ததே தெரியாது. நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். போர்த்துக்கீசியர் தொடங்கியதை 1640இல் டச்சுக்காரர் கைப்பற்றிப் பெரிதாகக் கட்டினர். அதன் ஒரு மூலையில் 1939இல் எழுந்த வெண்ணிறக் கலங்கரை விளக்கமும், அதனருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் நிற்கின்றன. அங்கே அஸர் தொழுதுவிட்டு மதில்மேல் ஏறிப் பாருங்கள். குடாவின் மறுகரையில் பசுமையான ரூமஸ்ஸலக் குன்று. அதற்கு இப்பால், துறைமுகத்துக்குள், தையல் ஊசிகளைக் குத்தி நிறுத்தியது போல் சில மெல்லிய பாய்மரங்கள்.

கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அந்தப் பாய்மரங்களிடம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று வீசும் காலத்தில் தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி ஆகிய தீவுகளிலிருந்து சிறு பாய்மரப் படகுகள் மேற்கே கிளம்புகின்றன. புக்கெட்டிலிருந்து காலி ஏறக்குறைய 1,100 கடல் மைல். சிறிய படகுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டம். மே மாதம் கச்சான் காற்றுத் திரும்பிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அரபு மாலுமிகள் இதைத்தான் மௌசிம் என்றார்கள். நம் மரக்காயர்களின் மரக்கலங்களும் இந்தக் கணக்கில்தான் போய் வந்தன. காற்றுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவனுக்குக் கடற்பயணத்தில் செலவு பாதி மிச்சம் என்பதை அன்று மாலை ஓர் இளைஞன் வாயால் கேட்டேன்.

உறவினர் ஒருவருக்குத் துறைமுகத்தில் அறிமுகம் இருந்ததால் காவலைக் கடந்து உள்ளே செல்ல அனுமதி கிடைத்தது. சிறு ரப்பர் படகிலிருந்து அவனுடைய படகுக்குக் கால் மாற்றும்போது, ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக நான் பட்ட பாட்டை வீட்டில் இன்றளவும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவன் பிரான்ஸ் நாட்டவன், வயது இருபத்து மூன்று. படகு 27 அடி நீளம், 1974இல் ஃபைபர்கிளாஸில் வார்க்கப்பட்டது. பயணத்தை முடித்துக்கொண்டவர்கள் படகை விற்றுவிட்டு விமானம் ஏறிப் போகும் இடங்களில் லங்காவியும் ஒன்று. அங்கே ஒரு பழைய காரின் விலைக்கு இதை வாங்கியிருக்கிறான். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. இருபுறமும் இரண்டு படுக்கைப் பலகைகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வலைப்பையில் வெங்காயமும் பூசணியும். முட்டைகளுக்கு எண்ணெய் தடவி நாள்தோறும் புரட்டி வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில்லாமல் வாரக்கணக்கில் கெடாது என்று காட்டினான். தேநீர் தந்தபோது, படகில் பன்றி இறைச்சி டின் எதுவும் இல்லை என்று அவனாகவே சொன்னான். துறைமுகத்துக் காவலர் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"பணக்காரப் பிள்ளையா?" என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவியும் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை செய்தும் சேர்த்த பணம். எடுத்த எடுப்பில் அவன் படகு வாங்கவுமில்லை. ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கப் படகுகள் கூடும். காவல் முறைக்கு ஆள் தேவைப்படும் படகுகளில், சாப்பாட்டுச் செலவை மட்டும் பகிர்ந்துகொண்டு இளைஞர்கள் இடம் பிடிப்பதுண்டு. இவனும் அப்படித்தான் முதல் சமுத்திரத்தைக் கடந்தான். பிறர் படகில் பாய் சுருக்கவும், வாந்தியெடுத்துக்கொண்டே சமைக்கவும், இரவு இரண்டு மணிக்குக் கோபமின்றி எழுந்திருக்கவும் கற்றுக்கொண்டதுதான் தன் முதலீடு என்றான்.

தன் படகில் முதலில் மாற்றியது பாயை அல்ல, பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளை. கம்பி அறுந்தால் மரம் சாயும். 1965இல் பதினாறு வயதில் 24 அடிப் படகில் கலிபோர்னியாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய ராபின் லீ கிரஹாம் இரண்டு முறை பாய்மரத்தை இழந்தார். இரண்டாம் முறை நம் இந்தியப் பெருங்கடலில்தான்.

அடுத்ததாக, படகின் பின்புறத்தில் ஒரு காற்றுத் தகடு. காற்று எந்தக் கோணத்தில் வீசுகிறதோ அதற்கேற்ப இது சுக்கானைத் தானே திருப்பும். மின்சாரம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், உறங்காது. ஆனால் கப்பலைப் பார்க்காது. தொடுவானில் தோன்றும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் தலைக்கு மேல் வந்து நிற்கக்கூடும். ஆகவே தனியாகச் செல்பவன் இருபது நிமிடத்திற்கொரு முறை விழிக்க வேண்டும். இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால் கப்பல்கள் கடைவீதி வண்டிகள் போலச் செல்லும். அங்கே அவன் இரண்டு இரவு கண்ணே மூடவில்லையாம்.

மாதச் செலவு 400 யூரோவைத் தாண்டினால் மறுமாதம் குறைத்துக்கொள்வான். கரையில் கட்டினால் வாடகை, நங்கூரமிட்டால் இல்லை. காற்று இலவசம், துறைமுகக் கட்டணமும் முகவர் கட்டணமும்தான் கழுத்தை நெரிக்கின்றன என்று சிரித்தான்.

இந்தத் துறைக்கு இளம் பயணிகள் புதியவர்களல்லர். 1325இல் இருபத்தொரு வயதில் தன்னந்தனியே தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இத்தீவுக்கு வந்தபோது காலியில் இப்ராஹீம் என்னும் முஸ்லிம் மாலுமி அவருக்கு விருந்தளித்தார். இங்கிருந்து தமிழகக் கரை நோக்கிச் சென்றபோது கப்பல் உடைந்து, தோழர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு இரவு முழுதும் உடைந்த கலத்திலேயே அவர் கிடந்தார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டிட்டு வெட்டுவித்த கல்வெட்டும் இவ்வூரில் கிடைத்ததுதான். சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியும் தாங்கிய அக்கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

டானியா ஏபி என்ற பெண்ணின் பயணமும் இலங்கை வழியாகச் சென்றதுதான். கல்லூரிப் படிப்பா, படகா என்று தந்தை கேட்க, 1985இல் பதினெட்டு வயதில் 26 அடிப் படகில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987 நவம்பரில் திரும்பினார். பழகாத பெண்ணை அப்படி அனுப்பிய தந்தையை என்னால் மெச்ச முடியவில்லை. குளத்தில் குளிக்கப் போனாலே உம்மா கரையில் நின்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

அன்று அந்த இளைஞனின் முகத்தில் ஒரு கவலை இருந்தது. செங்கடல் வழியே ஐரோப்பா சென்று வீடு சேர்வதென்பது அவன் திட்டம். 2023இன் இறுதியில் அக்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின் அவனைப் போன்றோர் பலர் அவ்வழியைக் கைவிட்டனர். எஞ்சியது ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றும் வழி. ஆயிரக்கணக்கான மைல் கூடுதல், கையிலிருக்கும் பணம் அவ்வளவுக்கு வராது. தெற்கே ஏப்ரல் வரை புயல் பருவம், இங்கே மே மாதம் கச்சான். இரண்டுக்கும் நடுவே தங்க, புயல் எட்டாத நிலநடுக்கோட்டருகே மாலத்தீவின் அட்டு பவளத்தீவு இருக்கிறது. இங்கிருந்து 600 கடல் மைல்.

"படகை இங்கேயே விட்டுவிட்டு விமானத்தில் வந்துவிடு என்கிறார் அம்மா," என்றான். வரும் வழியில் பதினொரு நாள் அவனிடமிருந்து தகவல் இல்லை. கரையேறியதும் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். அவர் பேசவே இல்லையாம், அழுதிருக்கிறார். மறுநாள்தான் பேசியிருக்கிறார்.

"நீ என்ன சொன்னாய்?"

"தினமும் இருக்குமிடத்தைச் செய்தியாக அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறது. அதை வாங்குகிறேன் என்றேன். அதன் விலை ஒரு மாதச் சாப்பாடு."

விடைபெறும்போது என்னிடமிருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அட்டுவிலிருந்து செய்தி வந்தது. எட்டரை நாள், இரண்டு நாள் காற்றே இல்லை, முட்டை நான்கு உடைந்தது, பழம் தீர்ந்துவிட்டது, அம்மா தினமும் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்.