கடைசிச் சொல்

செய்தி வாசித்தல் ஆபத்தற்ற உத்தியோகம் என்றே பலரும் எண்ணுவர். மடிப்புக் கலையாத மேலங்கி, ஒளிவிளக்கு, முன்னே ஓடும் வாசகம்; இவற்றிற்கப்பால் அங்கு என்ன உண்டு? ஈரானிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய பூரியா ஸெராத்தியின் தொழில் வாழ்வை அறிந்தோர் இங்ஙனம் கேட்கமாட்டார்.

அவர் சேர்ந்திருந்த 'ஈரான் இன்ரர்நஷனல்' 2017இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற பாரசீக மொழித் தொலைக்காட்சி. அதன் மூலதனம் சவூதித் தொடர்புடையது என்ற குற்றச்சாட்டு நெடுநாளையது, எளிதிற் புறந்தள்ளத்தக்கதுமன்று. ஆயினும், செய்மதி வாங்கிகள் சட்டத்தால் தடுக்கப்பட்ட ஈரானிலே மக்கள் அதனைப் பார்த்தனர் என்பதும் உண்மையே. 'கடைசிச் சொல்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட நிகழ்ச்சியை ஸெராத்தி நடத்தினார். 2023 மார்ச்சில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவை நேர்கண்டார். தெஹ்ரான் ஆட்சியாளருக்கு இதனினும் கசப்பான நேர்காணல் இருந்திருத்தல் அரிது.

பகைமை அதற்கு முன்னரே முற்றியிருந்தது. 2022 செப்ரெம்பரில் மாஷா அமினி என்ற இளம்பெண் காவலில் இருக்கையில் இறந்ததைத் தொடர்ந்து மூண்ட கிளர்ச்சியை இந்நிலையம் இடையறாது ஒளிபரப்பிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஈரானியப் புலனாய்வு அமைச்சர் இதனைப் பயங்கரவாத அமைப்பு என்றார். 2023 பெப்ரவரியில் நிலையத்தை வேவு பார்த்த ஒருவன் பிடிபட்டான். பொலிஸாரின் ஆலோசனைப்படி ஒளிபரப்பு வாஷிங்ரனுக்கு மாற்றப்பட்டது. நாடு கடந்து வந்தோர் அடைக்கலம் பெற்ற நகரிலிருந்தும் மறுபடி பெயர்ந்தனர். செப்ரெம்பரிலேயே இலண்டன் கலையகம் மீளத் திறக்கப்பட்டது.

2024 மார்ச் 29, பிற்பகல். விம்பிள்டனிலுள்ள தம் வீட்டின் முன் காரை நோக்கி நடந்த ஸெராத்தியிடம் ஒருவன் சில்லறை கேட்பவன்போல் வந்தான். இன்னொருவன் அவரை இறுகப் பிடித்துக்கொள்ள, முன்னவன் காலிற் கத்தியாற் குத்தினான். பணமோ கைக்கடிகாரமோ பறிக்கப்படவில்லை. கொல்ல வாய்ப்பிருந்தும் காலையே நாடியமையால் இஃது எச்சரிக்கையே என ஸெராத்தி கருதினார். சந்தேக நபர்கள் நேரே ஹீத்ரோ விமான நிலையம் சென்று சில மணித்தியாலங்களில் நாட்டைவிட்டு வெளியேறினர். தமக்கு இதிற் தொடர்பில்லை என்றது ஈரானியத் தூதரகம்.

ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் அவர் மீண்டும் கலையகத்தில் அமர்ந்தார். காயம் முற்றாக ஆறியிருக்க நியாயமில்லை.