வாட்டிலும் டெம்ப்ளேட்டும்

கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் என் பேரன் போன லீவுக்குக் கொடைக்கானல் வந்திருந்தான். 1991 முதல் நான் எழுதிவரும் மழை நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதை ஒரு ஆப்பா பண்ணிடலாம்" என்றான். ஆறு நோட்டு. இரண்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ராத்திரி லேப்டாப்பைக் காட்டினான். இப்போதெல்லாம் யாரும் முதல் வரியிலிருந்து நிரல் எழுதுவதில்லையாம். யாரோ எழுதி வைத்த தொடக்க நிரல், டெம்ப்ளேட் என்று இலவசமாகவே கிடைக்கிறது. அவன் எடுத்ததில் லாகின், பணம் கட்டும் வசதி, அரட்டைப் பெட்டி எல்லாம் தயார். என் நோட்டில் இருப்பதோ தேதியும் மில்லிமீட்டரும்தான்.

எனக்கு வாட்டில் ஞாபகம் வந்தது. புல்வெளியைத் தரிசு என்று நினைத்த காலத்தில் நம் மலையில் வாட்டிலும் பைனும் தைலமரமும் வைத்தார்கள். சீக்கிரம் வளரும், விறகாகும், வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும். நானும் நாற்றுக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவன்தான். இன்று வெட்டினாலும் வாட்டில் போவதில்லை. விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடந்து முளைக்கிறது. சோலைக்கு நடுவே மழைநீரைப் பிடித்து வைத்த புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது.

இதைச் சொன்னதும் பேரன் சிரித்தான். பிறகு யோசித்தான். முன்பு கல்லூரி ப்ராஜெக்டுக்கு அவன் எடுத்தது 'கிரியேட் ரியாக்ட் ஆப்'. 2016-ல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்தது. ஏகப்பட்ட பேர் அதில்தான் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இனி இது வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. "அதுலேர்ந்து வெளிய வர்றதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு தாத்தா" என்றான்.

டெம்ப்ளேட்டை யார் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள், உரிமம் என்ன என்று பார்ப்பானாம். "உனக்குப் புரியாத கோப்பு அதில் எத்தனை?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

காலையில் அதை அழித்திருந்தான். ஒரே ஒரு பக்கம், கூடவே சாதாரண அட்டவணைக் கோப்பு. நெட் இல்லாமலும் என் பழைய கம்ப்யூட்டரில் திறக்கிறது. நான் வாசிக்க, அவன் தட்டினான். பூஞ்சணம் பிடித்த பக்கம் வந்ததும், "படிக்க முடியாத நாளுக்கு சைபர் போடட்டுமா தாத்தா?" என்றான்.

"வேண்டாம்ப்பா, மழையே பெய்யலைன்னு ஆயிடும். காலியா விடு."

1993 வரை முடிந்திருக்கிறது. மிச்சத்துக்கு அடுத்த லீவுக்கு வருகிறான்.