ஸ்தாவரமும் ஜங்கமமும்

சொத்துக்களை ஸ்தாவரம், ஜங்கமம் என்று நம் முன்னோர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். அசையாதது ஒன்று, அசைவது மற்றொன்று. வீடு ஸ்தாவரம், வெண்கலப் பானை ஜங்கமம். இதில் சந்தேகத்துக்கு இடம் ஏது என்று தோன்றும். சந்தேகம் வேண்டுமானால் ஒரு வீட்டை விற்றுப் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விற்க ஏற்பாடானபோது, விலை பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கூடத்து ஊஞ்சலும் சமையலறை ஆட்டுக்கல்லும் யாருக்கு என்று தீர்வதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது. வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும் அவரோடு குடிவர இருந்தார்கள். "நான் பார்த்த வீட்டில் ஊஞ்சல் இருந்தது. ஆகையால் அதுவும் வீட்டோடு சேர்த்திதானே?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

"ஊஞ்சல் என் அப்பா சீராகக் கொடுத்தது. என்னோடு வந்தது, என்னோடுதான் போகும்" என்றாள் அம்மா. அதுவும் நியாயமாகவே பட்டது.

பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று வரிசையாக எழுதியிருந்தது. பூமிக்குள் புதையல் கிடைத்தால்கூட வாங்கியவருக்கே! ஊஞ்சலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

வக்கீல் நண்பர் ஒருவர் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். மண்ணில் வேரூன்றிய மரம், மண்ணில் பதிந்த சுவர், அந்தச் சுவர் போன்றதன் நிரந்தர அனுபோகத்துக்காக அதோடு பிணைத்த பொருள் ஆகிய மூன்றும் பூமியோடு சேர்ந்தவை என்கிறது 3-ஆம் பிரிவு. வேறு எண்ணம் இருந்தாலொழிய வீட்டோடு பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், வீட்டின் நிரந்தர உபயோகத்துக்கென்று வைத்த மற்றவை எல்லாம் கூடவே போகும் என்கிறது 8-ஆம் பிரிவு.

சாவியைப் பாருங்கள்! இடுப்பில் செருகினால் ஊரெல்லாம் சுற்றும். ஆனாலும் அது வீட்டைச் சேர்ந்தது. ஆகவே, ஆணி அடித்திருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எதற்காக அடித்தது என்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1872-இல் ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் இதற்கு அழகான உதாரணம் சொன்னார். காரை பூசாமல் அடுக்கிய கற்கள் சுவராக நின்றால் அவை நிலத்தைச் சேர்ந்தவை. அதே கற்கள் கட்டட வியாபாரியின் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தால் வெறும் சரக்கு.

இந்த ரீதியில், உத்தரத்துக் கொக்கி வீட்டுடையது, பலகையும் சங்கிலியும் அம்மாவுடையவை என்று நண்பர் அபிப்பிராயப்பட்டார். ஆசிரியரும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். மிஞ்சியது ஆட்டுக்கல். அது சிமெண்டுத் தரையில் பாதிக்குமேல் பதிந்து கிடந்தது.

"வீட்டின் உபயோகத்துக்காகப் பதித்ததம்மா, அது வீட்டோடுதான்" என்றேன்.

"வீடா அரைச்சுது? நான்தானே அரைச்சேன்!" என்றாள் அம்மா.

மேதாவிகள் பலர் அந்தச் சட்டத்துக்கு வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அவர்களால் உதவ முடியவில்லை. வீட்டுக்கு என்ன வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஒரு கை அந்தக் குழவியை எத்தனை வருஷம் சுற்றியது என்று அது கேட்பதில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவே, "கல் இருக்கட்டும். பேர்த்தால் தரை பாழாகும்" என்றாள். குழவி தனியாகக் கழன்று வருவதுதானே, அதையாவது எடுத்துக்கொள் என்றேன்.

"குழவி இல்லாத கல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்?" என்று கேட்டாள். சாவியைப் பற்றிய சட்டப் பிரிவை அம்மா படித்ததில்லை.

வீடு விற்கவோ வாங்கவோ போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முன்பணம் கைமாறுவதற்கு முன்பே மின்விசிறி, தண்ணீர் மோட்டார், சுவர் அலமாரி, பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரு ஜாபிதா எழுதி, எது இருக்கும், எது போகும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. எழுதும்போது வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். நாம் ஜாபிதாவில் சேர்க்க நினைக்காத சாமான் ஒன்று அவர்களிடம் எப்போதும் இருக்கும்.